குளிசை கிட்னியைப் பழுதாக்குதா? பிரஷர் பழுதாக்குதா?

 

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பிரஷருக்குக் குளிசை போடுகிற ஒருவராவது இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். 2021 இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. ஆகவே அநேகமாக எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவிலும் சரி, சுன்னாகத்திலும் சரி, சாவகச்சேரியிலும் சரி, படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் சொல்கிற ஒரு வசனம் இருக்கிறது: “இங்கிலீஷ் குளிசையைத் தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும்.” இந்த வசனத்தை நம்பி, கிட்னியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு முருங்கையிலைச் சாறும் நெருஞ்சிக் குடிநீரும் குடிக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

நான் டொக்டர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியர். நாட்டு மருந்துக்கு எதிரியும் இல்லை. எங்கள் வீட்டிலும் தடிமன் வந்தால் முதலில் கொத்தமல்லிதான் கொதிக்கும். ஆனால் இந்த ஒரு வசனம் தலைகீழானது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிட்னியைக் காப்பாற்ற என்று நாங்கள் செய்கிற காரியமே கிட்னியைக் கெடுக்கிறது.

எப்படி என்று பாருங்கள்.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்களால் ஆன சின்ன முடிச்சு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லீற்றர் திரவத்தை வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. வீட்டுத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் பெரிய பம்பின் அழுத்தத்தை விட்டால் என்ன நடக்கும்? முதலில் மெல்லிய இடங்கள்தான் வெடிக்கும். பிரஷர் கூடும்போது சிறுநீரகத்துக்கு நடப்பதும் அதுதான். வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கி அந்தக் குழாய்கள் தடித்து, சுருங்கி, அடைபட்டுப் போகின்றன. பழுதான சிறுநீரகம் உப்பையும் நீரையும் சரியாக வெளியேற்றாது. அதனால் பிரஷர் இன்னும் கூடும். கூடிய பிரஷர் மிச்சம் இருக்கிற வடிகளையும் அடிக்கும். இது ஒரு சுழல். உலகத்தில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் இரண்டு காரணங்கள் சீனி வருத்தமும் பிரஷரும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால் எதுவும் வலிக்காது. “எனக்குப் பிரஷர் கூடினால் தெரியும், பிடரி வலிக்கும், தலை சுத்தும்” என்று பலர் சொல்வார்கள். தலை சுத்துவதற்கு நூறு காரணம் இருக்கிறது. 180/110 பிரஷரோடு கடையில் நின்று யாவாரம் செய்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிறுநீரகமும் அப்படித்தான். பெரும்பகுதி பழுதான பிறகுதான் கால் வீங்கும், பசி போகும், மூச்சு வாங்கும்.

சரி, பிறகு ஏன் குளிசைதான் காரணம் என்று இத்தனை பேர் நம்புகிறார்கள்? எங்கள் சனம் முட்டாள்கள் அல்ல. அவர்கள் கண்ணால் கண்டதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நான் யோசித்த அளவில் நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, கிட்னி பழுதானவர்களில் பலர் முன்பு பிரஷர் குளிசை போட்டவர்களாக இருக்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் மழையில் நனைந்தவர்களில் பாதிப் பேர் கையில் குடை இருந்தது என்பதற்காகக் குடைதான் நனைத்தது என்று சொல்லலாமா? பிரஷர் இருந்ததால் குளிசை வந்தது. அதே பிரஷர் கட்டுப்படாததால் கிட்னி போனது. அவர் எத்தனை மாதம் குளிசையைப் போட்டார், எத்தனை மாதம் போடாமல் விட்டார் என்பதை யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, கால் வீக்கம். அம்லோடிபின் என்ற குளிசை சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். அது இரத்தக் குழாய் விரிவதால் வருவது, கிட்னி பழுதால் அல்ல. ஆனால் கிட்னி வருத்தக்காரருக்கும் கால் வீங்கும் என்று நாங்கள் அறிந்திருப்பதால் பயந்து குளிசையைத் தூக்கி எறிகிறோம். டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு குளிசை தருவார். எனலாபிரில் போட்டால் வருகிற வறட்டு இருமலும் இப்படித்தான். சொன்னால் மாற்றித் தருவார்கள்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனைத் துண்டு. லொசார்டன், எனலாபிரில் போன்றவற்றைத் தொடங்கும்போது ‘கிரியட்டினின்’ என்ற அளவு சிலருக்குக் கொஞ்சம் ஏறும். வடிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை இந்தக் குளிசை குறைப்பதால் வருகிற மாற்றம் அது. அளவுக்கு மிஞ்சி ஏறுகிறதா, பொட்டாசியம் கூடுகிறதா என்று பார்க்கத்தான் டொக்டர் திரும்ப இரத்தம் எடுக்கச் சொல்கிறார். சிறுநீரில் புரதம் போகிற சீனி வருத்தக்காரருக்கு இந்த வகைக் குளிசையைக் கொடுப்பதே கிட்னியைக் காப்பாற்றத்தான். காவலுக்கு நிற்பவனைக் கள்ளன் என்று நினைத்து நாங்கள் துரத்துகிறோம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடம்பில் நீர் வற்றும்போது இந்தக் குளிசைகளைச் சில நாட்களுக்கு நிறுத்த வேண்டி வரலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இவை கூடாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது காரணம் பாதி உண்மை. இங்கிலீஷ் மருந்தில் கிட்னியைக் கெடுப்பவை உண்டு. ஆனால் அவை பிரஷர் குளிசைகள் அல்ல. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் சீட்டு இல்லாமல் பார்மசியில் வாங்கி விழுங்குகிறோமே, டைக்ளோபெனக், இபுபுரூபன், அந்த வலிக் குளிசைகள். அடிக்கடி போட்டால் அவை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும், பிரஷரையும் ஏற்றும். எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? டொக்டர் எழுதித் தந்த பிரஷர் குளிசை அலுமாரிக்குள் கிடக்கிறது, யாரும் எழுதித் தராத வலிக் குளிசை தினமும் உள்ளே போகிறது. பயம் சரியானதுதான், பயப்படுகிற இடம்தான் பிழை.

இதை ஏன் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்? என் வகுப்பில் ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. வாப்பாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நாட்கள் அவை. ஒரு தடவைக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் மெஷினில் இருக்க வேண்டும். உம்மா கூடப் போவார், தம்பியைப் பார்க்க இந்தப் பிள்ளை வீட்டில் நிற்கும். அந்த மனிதருக்கு நாற்பதுகளில்தான் வயது. பிரஷர் இருப்பது தெரிந்து ஐந்தாறு வருடம். இடையில் இரண்டு வருடம் குளிசையை நிறுத்திவிட்டு, “இயற்கையாகவே கட்டுப்படுத்துகிறேன்” என்று சாறு குடித்தார். அந்த இரண்டு வருடத்தில் ஒருதரம்கூட அளந்து பார்க்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாராம். இடாப்பில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே வரவில்லை என்று போடும்போதெல்லாம், இது தவிர்த்திருக்கக் கூடியது என்ற நினைப்புத்தான் வருகிறது.

இனி நாட்டு மருந்துக்கு வருவோம். எல்லா மூலிகையையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. நல்லது, கெட்டது, ஆளைப் பொறுத்து மாறுவது என்று மூன்று விதம் இருக்கிறது.

உள்ளி பிரஷரைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கருஞ்சீரகத்துக்கும் சில சிறிய ஆய்வுகளில் சிறு பலன் தெரிந்திருக்கிறது. வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை, கீரை, பழம், பருப்பு எல்லாம் நல்ல சாப்பாடு. 1997 இல் அமெரிக்காவில் வெளியான ‘டாஷ்’ என்ற உணவு ஆய்வில், பிரஷர் உள்ளவர்கள் மரக்கறி, பழம், கொழுப்புக் குறைந்த பால் என்று சாப்பிட்டபோது மேல் அளவு சராசரியாக 11 புள்ளி குறைந்தது. அது ஒரு குளிசையின் வேலைக்குச் சமம். ஆகவே “சாப்பாட்டால் ஒன்றும் நடக்காது” என்று சொல்கிற டொக்டர் இருந்தால் அவரும் பிழை. ஆனால் 180 இல் நிற்கிறவருக்கு 11 குறைந்தால் 169. அது போதாது. சாப்பாடும் வேண்டும், குளிசையும் வேண்டும்.

கெட்டதைப் பாருங்கள். காமரங்காய், ஐந்து மூலையுள்ள நட்சத்திரப் பழம். பிலிம்பி, சிங்களத்தில் பிலிங் என்பார்கள். இரண்டும் பிரஷருக்கும் சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் நல்லது என்று சாறு பிழிந்து குடிக்கச் சொல்கிற செய்திகள் சுற்றுகின்றன. இரண்டிலும் ஒக்சலேட் மிக அதிகம். வெறும் வயிற்றில் கோப்பைக் கணக்கில் குடித்தால் அது சிறுநீரகத்துக்குள் பளிங்காகப் படிந்து, நல்ல கிட்னியையே சில நாட்களில் நிறுத்திவிடும். கேரளத்தில் கொலஸ்ட்ரோலுக்கு என்று பிலிம்பிச் சாறு குடித்துக் கிட்னி பழுதான பத்துப் பேரைப் பற்றி 2013 இல் அங்குள்ள வைத்தியர்கள் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. காமரங்காய் பற்றி எங்கள் இலங்கை வைத்தியர்களே 2018 இல் பத்து நோயாளிகளின் விபரத்தோடு எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே கிட்னி பழுதானவருக்குக் காமரங்காய் இன்னும் மோசம். அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும். விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும். அப்படிப்பட்டவர் ஒரு பழம்கூடச் சாப்பிடக் கூடாது.

ஈசுவரமூலி, சிங்களத்தில் சப்சந்த. அந்தச் செடிக் குடும்பத்தில் உள்ள ஒரு அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் உடம்பு மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கிட்னி பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்து மூலிகை மாறிக் கலந்ததுதான் காரணம். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்று நினைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

அதிமதுரம் இருமலுக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடர்ந்து எடுத்தால் அது பிரஷரை ஏற்றும், உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பிரஷர்காரர் மாதக்கணக்கில் அதிமதுரக் கசாயம் குடித்தால், குறைப்பதற்குப் போட்ட குளிசைக்கு எதிராக அவரே வேலை செய்கிறார்.

மூன்றாவது விதம்தான் அதிகம் குழப்புவது. இளநீர், வாழைப்பழம், முருங்கையிலைச் சாறு, கீரை அவித்த தண்ணீர். இவற்றில் பொட்டாசியம் அதிகம். கிட்னி நன்றாக உள்ளவருக்குப் பொட்டாசியம் பிரஷரைக் குறைக்க உதவும். கிட்னி பலவீனமானவருக்கு அதே பொட்டாசியம் வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி இருதயத்தை நிறுத்திவிடும். லொசார்டன் போடுகிறவருக்குப் பொட்டாசியம் ஏற்கெனவே சற்றுக் கூடலாம். ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு நஞ்சு. உங்களுக்கு எது என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். செய்தி அனுப்பியவருக்கு உங்கள் கிட்னியின் நிலை தெரியாது.

“குளிசை இரசாயனம், மூலிகை இயற்கை” என்று பிரிக்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். சர்ப்பகந்தி என்ற செடியின் வேர் எங்கள் துணைக்கண்டத்து வைத்தியத்தில் பழமையானது. அது பிரஷரைக் குறைக்கிறது என்பதை நோயாளிகளிடம் அளந்து பார்த்து 1949 இல் பிரித்தானிய இருதய மருத்துவ சஞ்சிகையில் எழுதியவர் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல். 1952 இல் சுவிற்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். உலகமே அதைப் பயன்படுத்தியது. பிறகு, அளவு கூடினால் மனச்சோர்வு வருகிறது என்று கண்டு அதை விட நல்லது வந்ததும் குறைத்தார்கள். எனலாபிரில் குடும்பத்தின் முதல் மருந்தான கப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததிலிருந்து பிறந்தது. ஆக, குளிசைக்கும் இயற்கைக்கும் சண்டை இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: ஒன்றை அளந்து கொடுக்கிறார்கள், மற்றதை அளக்காமல் குடிக்கிறோம்.

இன்னொன்று. “சித்தர்கள் பிரஷருக்குச் சொன்ன இரகசியம்” என்று வரும் செய்திகளைக் கவனியுங்கள். கையில் பட்டி கட்டிப் பிரஷர் அளக்கும் முறையை இத்தாலியர் ரிவா ரொச்சி 1896 இல்தான் கண்டுபிடித்தார். ரஷ்யர் கொரொட்கொவ் 1905 இல் அதைச் செம்மையாக்கினார். 140/90 என்ற எண்ணைப் பற்றி ஏட்டில் எழுதியிருக்க வழியே இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பரராசசேகரம், செகராசசேகரம் என்ற பெரிய வைத்தியப் பாரம்பரியம் உண்டு. கைதடியில் 1984 முதல் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பு. அங்கே படித்துப் பதிவுபெற்ற வைத்தியர் நாடி பார்ப்பார், பத்தியம் சொல்வார், இன்று பிரஷரும் அளப்பார், வேண்டுமானால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். முகம் தெரியாத ஒருவரின் வட்ஸ்அப் குரலை அவரோடு சமமாக வைப்பது அந்தப் பாரம்பரியத்துக்கே அவமரியாதை. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்குப் பாணி என்று ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. அந்தப் பாணியைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் கொரோனா வந்தது. அதை இவ்வளவு சீக்கிரம் மறக்கலாமா?

என் சமூகத்தாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கருஞ்சீரகம், தேன், ஹிஜாமா பற்றிய நபிமொழிகளை நாங்கள் ஈமானோடு ஏற்கிறோம். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள், ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) நோயுற்றபோது ஹாரிஸ் இப்னு கலதா என்ற வைத்தியரிடம் போகச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் செய்தவரே பொறுப்பு என்ற கருத்திலும் நபிமொழி உண்டு. இந்த இரண்டாவதைத்தான் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. “குளிசையை நிறுத்துங்கள், கருஞ்சீரகம் போதும்” என்று ஒரு செய்தியை ஐம்பது பேருக்கு அனுப்பும்போது நாங்கள் ஐம்பது பேருக்கு வைத்தியம் செய்கிறோம். அதன் பொறுப்பு யாருடையது? கருஞ்சீரகம் சாப்பிடுங்கள், குளிசையையும் போடுங்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கியது மார்க்கம் அல்ல, நாங்கள்தான். றமழானில் குளிசை நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று நோன்பு வருவதற்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு பிடிக்கக் கூடாத உடல்நிலை என்றால் அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இலங்கையில் கிட்னி என்றாலே அநுராதபுரம், பதவியா, மெதவச்சி ஞாபகம் வரும். 1990களிலிருந்து அங்குள்ள விவசாயிகளைத் தாக்கும் நோய் வேறு. அது சீனியாலும் பிரஷராலும் வருவதல்ல. அந்தப் பயத்தால் நாங்களும் தண்ணீரை மட்டுமே பார்க்கிறோம். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படியும். அதைக் கண்டு போத்தல் தண்ணீர் வாங்குகிறோம். உரத்தால் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது உண்மை, சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததும் உண்மை. அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுக்கிற அக்கறையில் கால்வாசியாவது கையை நீட்டிப் பிரஷரைப் பார்ப்பதற்கு இருந்தால் எத்தனையோ கிட்னி தப்பும்.

வைத்தியத்துறையினரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கிளினிக்கில் எவ்வளவு கூட்டம் என்று தெரியும். இருந்தாலும் யோசியுங்கள்: பொய்யான செய்தி நல்ல தமிழில், அன்பாக, “அம்மா, ராத்தா” என்று அழைத்து, ஐந்து நிமிடம் பேசுகிறது. உண்மையான தகவல் கிளினிக் கொப்பியில் வாசிக்க முடியாத ஆங்கிலத்தில் இரண்டு வரியாக வருகிறது. சனம் எதை நம்பும்? 1847 இல் இங்கே வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், அதற்காகத் தமிழில் சொற்களைத் தேடினார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கே நடந்த காரியம் அது. இன்று ஒரு பிரஷர்காரருக்கு “இந்தக் குளிசை உங்கள் கிட்னியைக் காப்பதற்கு, நிறுத்த வேண்டாம்” என்று ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுக்க முடியாதா? மூலிகை குடிப்பதாக நோயாளி சொன்னால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை குடிப்பார், ஆனால் சொல்ல மாட்டார்.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வேறு வழியில்லாமல்தான் இலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குளிசை திரும்பக் கிடைத்த பிறகும் சிலர் திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, உண்மையிலேயே பக்கவிளைவு இல்லாத, செலவில்லாத, கிட்னிக்கும் பிரஷருக்கும் நல்ல ஒரு கைமருந்து இருக்கிறது. அதை யாரும் போர்வர்ட் செய்வதில்லை, ஏனென்றால் அது எதையும் குடிப்பதல்ல, ஒன்றைக் குறைப்பது. உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. எங்கள் சாப்பாட்டைக் கணக்குப் பாருங்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மாசிச் சம்பல், அச்சாறு, கடைப் பாண், மிக்சர், சூப் கட்டி, நோன்புக் கஞ்சியோடு வரும் உறைப்புப் பலகாரம், சோறு அவிக்கும்போது போடும் உப்பு. காலையில் முருங்கைச் சாறும் மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் என்றால் சாறு என்ன செய்யும்? சோற்றுக்கு உப்புப் போடுவதை நிறுத்துங்கள், கருவாட்டை வாரம் ஒரு நாளாக்குங்கள். தேசிக்காய், புளி, மிளகு, உள்ளி, கறிவேப்பிலை இருக்கும்போது ருசிக்குக் குறைவில்லை. இரண்டு மூன்று கிழமையில் நாக்குப் பழகிவிடும். ஆனால் கடையில் விற்கும் ‘உப்புக்குப் பதில் உப்பு’ பெரும்பாலும் பொட்டாசியம், கிட்னி பலவீனமானவர்கள் அதைத் தொடக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒத்துவரவில்லை என்றால் டொக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

எந்த மூலிகை எடுத்தாலும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். கிட்னி பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் எந்தச் சாறும், எந்தக் குடிநீரும் கேட்காமல் குடிக்காதீர்கள்.

வலிக் குளிசையைக் கடையில் வாங்கித் தொடர்ந்து போடாதீர்கள்.

வருடத்தில் ஒரு தடவையாவது இரத்தத்தில் கிரியட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து பாருங்கள். நாட்டு மருந்து உங்களுக்கு வேலை செய்கிறது என்று நம்புகிறீர்களா? நல்லது. குளிசையோடு சேர்த்து, டொக்டருக்குத் தெரியப்படுத்தி, கிழமைக்கு இரண்டு நாள் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். அளவு நன்றாக இறங்கினால் குளிசையின் அளவைக் குறைப்பதை டொக்டரே முடிவு செய்வார். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத இடம் இல்லை, மேசையில் பத்திரிகை இல்லாத நாளும் இல்லை. அந்தப் பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் மெஷின் வைத்தால் என்ன? பள்ளிவாசலில், கோயில் மடத்தில், தேவாலயத்தில் ஒவ்வொன்று வைத்தால் என்ன? வெளிநாட்டிலிருந்து ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்கிற உறவுகளே, இதைச் செய்யுங்கள். பெரிய செலவில்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பத்துப் பேர் கையை நீட்டினால், அதில் சிலருக்காவது அன்றைக்குப் புதிய செய்தி ஒன்று தெரியவரும்.

உடம்பும் ஒரு அமானிதம்தான். அல்லாஹ் நம் எல்லோருக்கும் நல்ல சுகத்தைத் தரட்டும்.